பஞ்சு பிரேக்கும் பாஸ்கல் விதியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

"வண்டியை ஓட்டத் தெரிந்தவன் பாதி டிரைவர், நிறுத்தத் தெரிந்தவன்தான் முழு டிரைவர்." இது என் தந்தையார் அடிக்கடி கூறும் வாக்கு. அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சேலத்தில் வாடகைக் கார் ஓட்டி வருகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். தந்தையாரின் வாக்குக்கு முழுப் பொருள் எனக்கு விளங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், சக்கரம் கழற்றிய காரின் அருகே குந்தியிருந்த வேளையில். அந்த அனுபவத்தையும் அதன் பின்னால் உள்ள அறிவியலையும் நம் கல்லூரி மலர் வாயிலாகப் பேராசிரியப் பெருமக்களோடும் மாணவ நண்பர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நடந்தது

விடுமுறை நாட்களில் எங்கள் தெருமுனையில் உள்ள பட்டறையில் நான் வேலை செய்வதுண்டு. பட்டறைக்காரரை அண்ணன் என்றே அழைப்பேன். சென்ற மே மாதம் ஒரு சனிக்கிழமை, தந்தையாரின் காரை அங்கே விட்டிருந்தோம். முன்சக்கரங்கள் இரண்டிலும் உள்ள பிரேக் காலிப்பர்களைக் கழற்றி, ரப்பர் சீல் மாற்ற வேண்டும். கழற்றிச் சுத்தம் செய்து சீல் போட்டு முடித்ததும், ஊரில் ஒரு திருமணம் என்று அண்ணன் புறப்பட்டுவிட்டார். "மாட்டி, ஏர் எடுத்து வைடா. காலையில வந்து பாத்துக்கறேன்" என்று என்னிடம் ஒப்படைத்துச் சென்றார். பழைய செய்தித்தாளின் மேல் இரண்டு காலிப்பர்களும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல் இருந்தன. மாட்டினேன். பிரேக் ஆயில் ஊற்றினேன். பக்கத்துக் கடைப் பையனைப் பெடல் மிதிக்கச் சொல்லி ஏர் எடுத்தேன். பெடல் கொஞ்சம் மெத்தென்று இருந்தது. 'ஓடினால் சரியாகிவிடும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குத் தந்தையார் வந்தார். ஏற்காட்டுக்குச் சவாரி. ஒரு குடும்பம், அதில் ஒரு கைக்குழந்தையும் உண்டு. வண்டியில் உட்கார்ந்ததும் சாவியைத் தொடும் முன்பே பெடலை மிதித்துப் பார்ப்பது அவர் வழக்கம். மிதித்தார். இன்னொரு முறை மிதித்தார்.

"பெடல் பஞ்சு மாதிரி இருக்கேடா?"

"ரெண்டு தடவை மிதிச்சா ஏறிடுதுப்பா" என்றேன்.

அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "இருபது வளைவு இறங்கணும். ரெண்டாவது தடவை மிதிக்க நேரம் இருக்குமா?" என்று மட்டும் கேட்டார். பின்பு கைப்பேசியை எடுத்து, சவாரியை இன்னொரு டிரைவருக்குக் கொடுத்துவிட்டார். அன்றைய வருமானம் போயிற்று. நான் என் தவற்றைத் தேடத் தொடங்கினேன். அதைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லும் முன், பிரேக் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகக் காண்போம்.

பாஸ்கல் விதி பெடலுக்கு வந்த கதை

பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கல் 1623இல் பிறந்து 1662இல் மறைந்தவர். திரவங்களின் சமநிலை பற்றி அவர் எழுதிய நூல் அவர் மறைந்த மறு ஆண்டு, 1663இல் வெளிவந்தது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம், அத்திரவம் முழுவதற்கும் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது அவர் விதி. இங்கிலாந்தின் ஜோசப் பிராமா 1795இல் இவ்விதியைக் கொண்டு நீரழுத்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். நாம் பள்ளியில் படம் வரைந்த 'பிராமா அழுத்தி' அதுவே. அமெரிக்காவின் மால்கம் லாக்ஹீட் 1917இல் இதே தத்துவத்தை மோட்டார் வண்டியின் பிரேக்குக்குப் பயன்படுத்திக் காப்புரிமை பெற்றார். 1921இல் டூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களுக்கும் திரவ பிரேக்குடன் விற்பனைக்கு வந்தது. பாஸ்கல் மறைந்து ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக்குப் பிறகு அவருடைய விதி மனிதனின் காலடிக்கு வந்து சேர்ந்தது எனலாம்.

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுநர் பெடலின் மேல் 20 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் மிதிக்கிறார் என்று கொள்வோம். பெடல் ஒரு நெம்புகோல். அது விசையை நான்கு மடங்காக்கினால், மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன்மேல் 80 கிலோ விழும். பிஸ்டனின் விட்டம் 2 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 3.14 சதுர சென்டிமீட்டர். ஆகவே திரவத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் சுமார் 25 கிலோ அழுத்தம் உண்டாகிறது. இது குழாய் வழியே சக்கரத்துக்குச் செல்கிறது. அங்குள்ள காலிப்பர் பிஸ்டனின் விட்டம் 5 சென்டிமீட்டர் என்றால் அதன் பரப்பு ஆறேகால் மடங்கு. எனவே பிரேக் பேடை அமுக்கும் விசை 80 × 6.25 = 500 கிலோ. மிதித்தது 20, கிடைத்தது 500! இக்காலக் கார்களில் இஞ்சினின் வெற்றிடத்தால் இயங்கும் பூஸ்டர் என்னும் கருவி இதை இன்னும் பெருக்கித் தருகிறது. கணக்கு எளிமைக்காக அதை விட்டுவிடுவோம்.

இயற்கை எதையும் இலவசமாகத் தருவதில்லை. விசை 25 மடங்கானால் நகரும் தூரம் 25இல் ஒரு பங்காகக் குறையும். பெடல் 25 மில்லிமீட்டர் இறங்கினால் ஒரே ஒரு சக்கரத்தின் பேட் 1 மில்லிமீட்டர்தான் நகரும். இருந்தும் பிரேக் வேலை செய்வது ஏன்? பேடுக்கும் டிஸ்குக்கும் உள்ள இடைவெளி மிகச் சிறியது. ஒரு மில்லிமீட்டரில் சில பத்தில் பங்குதான். பெடல் இறங்கும் தூரம் என்பது நம் கையிருப்புப் பணம் போன்றது. சிக்கனமாகச் செலவிட்டால்தான் நான்கு சக்கரத்துக்கும் போதும். வீண் செலவு ஒன்று நுழைந்தால் கையிருப்பு காலியாகிவிடும்.

இரண்டு சி.சி. காற்று செய்யும் கேடு

அந்த வீண் செலவுதான் காற்று. தண்ணீரை ஒரு சதவீதம் சுருக்குவதற்கு ஏறத்தாழ 220 வளிமண்டல அழுத்தம் வேண்டும். பிரேக் ஆயிலின் தன்மையும் ஏறக்குறைய இதை ஒத்ததே. காற்றோ அப்படியன்று. ராபர்ட் பாயில் 1662இல் வெளியிட்ட விதிப்படி, வெப்பநிலை மாறாதபோது அழுத்தம் இரட்டித்தால் கன அளவு பாதியாகும்.

நம் பிரேக் குழாயில் 2 கன சென்டிமீட்டர் காற்று இருப்பதாகக் கொள்வோம். அரைத் தேக்கரண்டிகூட இல்லை. மிதிக்கும் முன் அதன் அழுத்தம் 1 வளிமண்டலம். மிதித்த பின் 26. எனவே காற்றின் அளவு 2ஐ 26ஆல் வகுக்க, 0.08 கன சென்டிமீட்டராகச் சுருங்கும். மீதி 1.92 கன சென்டிமீட்டர் இடத்தை நிரப்ப மாஸ்டர் சிலிண்டர் அவ்வளவு திரவத்தைத் தள்ளியாக வேண்டும். அதற்கு அதன் பிஸ்டன் 1.92 / 3.14 = 0.61 சென்டிமீட்டர் நகர வேண்டும். பெடலில் இது நான்கு மடங்கு. சுமார் இரண்டரை சென்டிமீட்டர். சக்கரத்தில் ஒரு பயனும் இல்லாமல், ஒரு குமிழியைப் பிழிவதற்கே பெடல் இரண்டரை சென்டிமீட்டர் இறங்குகிறது! காற்று 6 கன சென்டிமீட்டர் ஆனால் ஏழு சென்டிமீட்டருக்கு மேல் வீண். பெடல் தரையைத் தொட அதிக தூரம் மிச்சமிராது.

பிழியப்பட்ட காற்று சுருள்வில் போல் காலை மீண்டும் மேலே தள்ளும். காலுக்குக் கீழே பஞ்சு இருப்பது போன்ற உணர்வு இதனால்தான். அடுத்தடுத்து வேகமாக மிதித்தால் பெடல் மேலேறுவதும் உண்டு. ஒவ்வொரு மிதிக்கும் இடையில் டப்பாவிலிருந்து புதுத் திரவம் மாஸ்டர் சிலிண்டருக்குள் இறங்கி, குழாயில் உள்ள அளவைக் கூட்டுகிறது. 'ரெண்டு தடவை மிதிச்சா ஏறிடுது' என்று நான் சொன்னது இதைத்தான். உண்மையில் அது நோய் தீர்ந்ததன் அடையாளம் அன்று, நோயே அதுதான்.

இங்கே நண்பர்கள் ஒரு கேள்வி கேட்கலாம். பேருந்திலும் லாரியிலும் காற்று பிரேக்தானே இருக்கிறது? அங்கே நண்பனாக இருக்கும் காற்று இங்கே பகைவனானது எப்படி? நல்ல கேள்வி. பேருந்தில் ஓட்டுநரின் கால் காற்றை அழுத்துவதில்லை. இஞ்சினோடு சுழலும் கம்ப்ரசர் காற்றை ஏற்கெனவே அழுத்தித் தொட்டியில் நிறைத்து வைத்திருக்கிறது. பெடல் வெறும் வால்வு. திறந்துவிடும் வேலை மட்டுமே அதற்கு. எவ்வளவு காற்று வேண்டுமானாலும் தொட்டி கொடுக்கும். காரில் கொடுக்க வேண்டியது மாஸ்டர் சிலிண்டரின் ஒரு மிதி அளவே ஆகும்.

நோய் நாடல்

பெடல் சரியில்லை என்று சொல்வது வயிறு சரியில்லை என்று சொல்வது போல. வைத்தியர் மேலும் நான்கு கேள்வி கேட்பார். நாமும் கேட்க வேண்டும்.

முதலாவது: மிதித்தால் வில் போல் உள்வாங்கி, அடுத்தடுத்து மிதிக்க மேலேறுகிறதா? உள்ளே காற்று இருக்கிறது.

இரண்டாவது: முதல் மிதியில் பெடல் ஆழமாகப் போய், இரண்டாம் மிதியில் மேலேறிக் கல் போல் நிற்கிறதா? இது காற்று அன்று. பின்சக்கர டிரம் பிரேக்கில் லைனிங் தேய்ந்து, ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடியிருக்கலாம். ஷூவை நெருக்கி வைத்தால் தீரும். பஞ்சுக்கும் பள்ளத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டை அறியாமல் ஏர் எடுத்துக்கொண்டே இருப்பவர் பலர்.

மூன்றாவது: காலை ஒரே சீராக அழுத்தி வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறதா? திரவம் எங்கோ நழுவுகிறது. டப்பாவில் அளவு குறைந்தால் வெளியே கசிகிறது. சக்கரத்தின் உட்புறம், குழாய் இணைப்புகள், மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடம் ஆகியவற்றைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். அளவு குறையவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் தேய்ந்து, திரவம் பிஸ்டனைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே திரும்புகிறது.

நான்காவது: எங்கும் காற்று இல்லை, கசிவும் இல்லை, ஆயினும் மெத்தென்று இருக்கிறதா? சக்கரத்துக்கு அருகே உள்ள ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள். ஒருவர் பெடலை மிதிக்க, மற்றொருவர் ஹோஸை விரலால் பற்றினால், பழைய ரப்பர் பாம்பின் வயிறு போல் உப்புவது தெரியும். பேட் கோணலாக உட்கார்ந்திருந்தாலும் இதே மெத்தனம் வரும்.

இவையெல்லாம் தனித்தனி நோய்கள் போல் தோன்றினாலும், பாஸ்கல் விதியைச் சொல் சொல்லாகப் படித்தால் ஒரே வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகின்றன. 'அடைபட்ட திரவம்' என்கிறது விதி. திரவத்தில் காற்று கலந்தால் அது முழுத் திரவம் அன்று, பெடல் பஞ்சாகும். கசிந்தால் அது அடைபட்டதன்று, பெடல் இறங்கும். அடைத்து வைத்திருக்கும் சுவரே உப்பினால் அதுவும் அடைப்பின் குறைதான். தேர்வில் இவ்விதியை நான் பிழையின்றி எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன். ஆனால் அந்த முதல் இரண்டு சொற்களும் அலங்காரத்துக்காக இருப்பவை என்றே எண்ணியிருந்தேன்.

கொதிக்கும் பிரேக்

குழாயைத் திறக்காமலே காற்று போன்ற ஒன்று உள்ளே தோன்றும் வழியும் உண்டு. சாதாரண பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. அதில் 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால், தரம் கேட்கும் அளவே 140 டிகிரிதான். டாட் 4 வகைக்கு இவை 230, 155 ஆகும்.

மலையிறக்கத்தில் என்ன நிகழ்கிறது? ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் உள்ளது. சேலத்துக்கு இறங்கும் கார் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்குகிறது. ஆட்களோடு 1000 கிலோகிராம் எடையுள்ள கார் 1000 மீட்டர் இறங்கும்போது இழக்கும் நிலையாற்றல் 1000 × 9.8 × 1000, அதாவது 98 இலட்சம் ஜூல். 30 டிகிரியில் உள்ள 33 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். முழுவதையும் பிரேக்கே தாங்கினால் அவ்வளவு வெப்பமும் நான்கு சக்கரங்களில்தான் பிறக்கும். ஈரம் ஏறிய பழைய ஆயில் கொதித்து ஆவிக்குமிழி விடும். ஆவியும் காற்றைப் போலவே சுருங்கும். பத்தாவது வளைவில் கல்லாக இருந்த பெடல் பதினாறாவது வளைவில் பஞ்சாகிவிடும். இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. வண்டி நின்று சூடு தணிந்ததும் ஆவி மீண்டும் நீராகிவிடுவதால், பட்டறைக்குக் கொண்டுவரும்போது பெடல் நன்றாகவே இருக்கும்!

'ஏறின கியரிலேயே இறங்கு' என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்வதன் பொருள் இதுவே. குறைந்த கியரில் இறங்கினால் அந்த ஆற்றலின் பெரும்பகுதியை இஞ்சின் ஏற்றுக்கொள்ளும். வண்டிக் கையேட்டில் கூறிய கால அளவில் பிரேக் ஆயிலை மாற்றுவதும் அவசியம். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றச் சொல்வர்.

காற்றை வெளியேற்றும் முறை

பட்டறையில் 'ஏர் எடுப்பது' என்று வழங்கும் இவ்வேலைக்கு இருவர் வேண்டும். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டுக் கீழே கைவைக்கக் கூடாது. ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். டப்பாவில் கையேடு கூறும் வகைப் பிரேக் ஆயிலை நிரப்ப வேண்டும். இஞ்சின் ஆயில், மண்ணெண்ணெய், பெட்ரோல் ஆகியவை ஒரு துளி கலந்தாலும் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் உள்ள சக்கரத்தில் தொடங்கி அருகில் உள்ளதில் முடிப்பது பழைய வழக்கம். சில வண்டிகளுக்கு வரிசை வேறுபடும். கையேட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது. சக்கரத்தில் உள்ள ஏர் நிப்பிளில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டி, மறுமுனையைச் சிறிது பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் மூழ்கியிருக்குமாறு வைக்க வேண்டும். உள்ளே இருப்பவர் பெடலை மெல்ல மிதித்துப் பிடித்துக்கொள்ள, வெளியே இருப்பவர் நிப்பிளை அரைச் சுற்றுத் திறப்பார். ஆயிலும் குமிழியும் வெளிவரும். பெடலை விடும் முன் நிப்பிளை மூடிவிட வேண்டும். இல்லையேல் வந்த வழியே காற்று திரும்பிவிடும். ஆகவே இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும்: "மிதி", "பிடி", "விடு". குமிழி நிற்கும் வரை இப்படியே செய்து, பின் அடுத்த சக்கரத்துக்குச் செல்ல வேண்டும்.

இடையில் டப்பா வற்றிவிட்டால் மேலிருந்து புதுக் காற்று நுழையும். செய்த வேலை அனைத்தும் வீண். பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதிக்காமல் கீழே ஒரு மரக்கட்டை வைப்பது நலம். வழக்கமாக ரப்பர் ஓடாத பகுதியில் துருவும் அழுக்கும் சேர்ந்திருக்கும். அங்கே ஓடினால் ரப்பர் கிழிந்துவிடும். வெளிவந்த ஆயிலை மீண்டும் ஊற்றக் கூடாது. காரின் வண்ணத்தில் பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளில் அக்கருவிக்குள் காற்று புகுந்துவிட்டால், சிலவற்றுக்குக் கணினி இணைத்துத்தான் வெளியேற்ற முடியும்.

மீண்டும் அந்த ஞாயிற்றுக்கிழமை

இவையனைத்தையும் நான் முறையாகவே செய்தேன். தந்தையார் மிதித்தார், நான் திறந்தேன். அரை லிட்டர் ஆயில் தீர்ந்தது. குழாயில் ஒரு குமிழியும் வரவில்லை. தெளிந்த ஆயில்தான் வந்தது. ஆயினும் பெடல் பஞ்சாகவே இருந்தது. 'மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது' என்று முடிவு கட்டி, புதியது என்ன விலை என்று தந்தையாரிடம் சொல்லவும் சொல்லிவிட்டேன். சவாரியை இழந்த மனிதர் அந்தத் தொகையைக் கேட்டுப் பேசாமல் இருந்தார்.

பத்து மணிக்கு அண்ணன் வந்தார். பெடலில் ஒரு மிதி. பிறகு ஹோஸை நசுக்காத மழுங்கிய பிடிகளை எடுத்து, சக்கரங்களுக்குச் செல்லும் ரப்பர் ஹோஸ்களை இறுக்கினார். பெடல் கல்லாயிற்று. மாஸ்டர் சிலிண்டர் குற்றமற்றது என்று அந்த ஒரு சோதனையிலேயே தெரிந்துவிட்டது. பின்சக்கரப் பிடிகளை எடுத்தார்; பெடல் அப்படியே நின்றது. முன்பக்கம் ஒன்றை எடுத்தார், பஞ்சாயிற்று. அதை மீண்டும் இறுக்கி மற்றதை எடுத்தார், அதுவும் பஞ்சு. நோய் முன்சக்கரங்கள் இரண்டிலும்தான். காலிப்பரை ஒரு முறை பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"காலேஜுக்காரா, காத்து மேல போகுமா, கீழ போகுமா?"

"மேலதாண்ணா."

"நிப்பிள் எங்க இருக்கு?"

பார்த்தேன். நிப்பிள் காலிப்பரின் அடியில் இருந்தது. இடப்பக்கத்துக் காலிப்பரை வலப்பக்கமும் வலப்பக்கத்ததை இடப்பக்கமும் மாட்டியிருக்கிறேன். பக்கம் மாறியதால் மேலே இருக்க வேண்டிய நிப்பிள் கீழே போய்விட்டது. பிரேக் ஆயிலைவிடக் காற்று எண்ணூறு மடங்குக்கும் மேல் இலேசானது. ஆர்க்கிமிடிஸ் தத்துவப்படி அது காலிப்பரின் உச்சியில் ஒதுங்கி உட்கார்ந்திருக்க, நான் அடியில் உள்ள துளையைத் திறந்து, தூய ஆயிலை மட்டும் பாட்டில் பாட்டிலாக வெளியேற்றிக்கொண்டிருந்தேன். இன்னும் பத்து லிட்டர் ஊற்றியிருந்தாலும் அந்தக் காற்று அசைந்திருக்காது.

இரண்டையும் கழற்றிப் பக்கம் மாற்றி மாட்டினோம். நிப்பிளைத் திறந்ததும் குழாயில் குமிழிகள் சோடா போல் பொங்கி வந்தன. ஒரு மணி நேரத்துக்குள் பெடல் மேலேறிக் கல்லாக நின்றது. தந்தையார் ஆளில்லாத சாலையில் மெதுவாக ஓட்டி நாலைந்து முறை நிறுத்திப் பார்த்தார். அண்ணன் கூலி வாங்க மறுத்தார். ஆயில் விலையை மட்டும் என் கணக்கில் எழுதச் சொன்னேன்.

முடிவுரை

நண்பர்களே, நம்மில் பலர் டிஸ்க் பிரேக் உள்ள மோட்டார் சைக்கிளில் கல்லூரிக்கு வருகிறோம். அங்கும் இதே திரவம், இதே விதி. பிரேக் லீவரை அழுத்தும்போது கைப்பிடி வரை மெத்தென்று வந்தால், 'இரண்டு முறை அழுத்தினால் பிடிக்கிறது' என்று அலட்சியமாக ஓட்டாதீர்கள். நான் சொன்ன அதே சொல் அது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். இரண்டாவது அழுத்தலுக்கு ஆகும் நேரத்தை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். ஐயம் இருந்தால் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு செல்லுங்கள்.

காற்று மேலே செல்லும் என்பதை எனக்குச் சொல்லித் தர யாரும் தேவையில்லை. பள்ளியிலேயே படித்தேன். ஆயினும் அந்த அறிவு என் விடைத்தாளில் இருந்தது. என் கையில் இல்லை. பாஸ்கல் பெயரையே கேட்டிராத என் தந்தையாருக்கு அது காலில் இருந்தது. சாவியைத் தொடும் முன் ஒரு மிதி மிதித்து, சவாரியே வேண்டாம் என்று சொல்லும் துணிவும் அதோடு இருந்தது. அன்று அவர் என் சொல்லை நம்பி வண்டியை எடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நான் இன்றும் நினைத்துப் பார்க்க அஞ்சுகிறேன்.

இப்போதும் விடுமுறை நாட்களில் பட்டறைக்குப் போகிறேன். காலிப்பர் கழற்றினால் முதல் வேலையாகச் சுண்ணக்கட்டியால் ஒன்றில் 'இ' என்றும் மற்றொன்றில் 'வ' என்றும் எழுதிவைக்கிறேன். தந்தையார் விடியற்காலையில் வண்டியில் ஏறி, வழக்கம்போல் ஒரு மிதி மிதித்துப் பார்க்கிறார். பெடல் நின்றதும் வாசலில் நிற்கும் என்னைப் பார்த்துத் தலையசைக்கிறார். பல்கலைக்கழகம் தரப்போகும் பட்டத்துக்கு முன்பே எனக்குக் கிடைத்துவிட்ட சான்றிதழ் அது.